ஆட்குறைப்புக்குப் பிறகு குலைந்துபோன பணியாளர் மனவூக்கத்தை மீட்பது எப்படி?

இழையைத் தொடங்கியவர் (வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்)

அனைவருக்கும் வணக்கம். வாடிக்கையாளர் சேவைப் பிரிவு ஒன்றின் மேலாளராக ஐந்து ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். எட்டு மாதங்களுக்கு முன் எங்கள் நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடந்தது. 43 பேர் இருந்த என் பிரிவில் இப்போது 34 பேர் இருக்கிறார்கள்.

வேலை நின்றுவிடவில்லை. தொலைபேசி அழைப்புகள் எடுக்கப்படுகின்றன, புகார்கள் பதிவாகின்றன, மாத அறிக்கையில் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் வாராந்தரக் கூட்டத்தில் நான் பேசி முடித்ததும் எல்லோரும் "சரி" என்று தலையசைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். முன்பு கேள்விகளும் எதிர்வாதங்களுமாக ஒரு மணி நேரம் நீண்ட கூட்டம் இப்போது பத்தே நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. புதிதாகச் சேர்ந்தவர் தவறு செய்தால் பக்கத்தில் இருப்பவர் பார்த்தும் பாராமல் இருக்கிறார். ஒருநாள் விடுப்புகள் அதிகமாகிவிட்டன. கடந்த இரண்டு மாதங்களில் மூவர் ராஜினாமா செய்தார்கள், அவர்கள் இடத்துக்குப் புதியவர்கள் வந்திருக்கிறார்கள். மூவருமே திறமையானவர்கள், மூவருமே காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணம்" என்றுதான் எழுதினார்கள்.

மனவூக்கத்தை உயர்த்துவதற்கென்று நிர்வாகம் ஒரு தொகையை ஒதுக்கியிருக்கிறது. மாதந்தோறும் சிறந்த பணியாளருக்கு விருது, ஒருநாள் சுற்றுலா, பிறந்தநாள் கொண்டாட்டம் ஆகியவற்றைத் திட்டமிட்டிருக்கிறேன். இருந்தும் ஏதோ ஒன்று உறுத்துவதால், பணத்தைச் செலவழிக்கும் முன் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன்.

ஓய்வு பெற்ற தொழிற்கூட மேற்பார்வையாளர்

மேலாளர் அவர்களுக்கு வணக்கம். என் அனுபவத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் இரவு ஷிஃப்டின் பொறுப்பை ஏற்றபோது அந்த ஷிஃப்ட் முழுவதும் கடனே என்று வேலை செய்துகொண்டிருந்தது. பகல் ஷிஃப்டைவிடச் சேதாரம் அதிகம். இரவு ஆட்களுக்கு அக்கறை இல்லை என்பதுதான் எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் சொல்லிவந்த காரணம். முதல் இரண்டு வாரங்கள் நான் எதையும் மாற்றாமல் கூடவே நின்று கவனித்தேன். அளவு சரிபார்க்கும் கருவிகள் இருந்த அறையின் சாவி பகல் நேர ஸ்டோர் எழுத்தரிடம் இருந்தது. மாலையில் அவர் பூட்டிவிட்டுப் போனால் மறுநாள் காலைதான் திறப்பார். இரவில் ஒரு கருவி பழுதானால் மாற்றுக் கருவி கிடைக்காது. கண்ணளவில் வேலை செய்ய வேண்டும், அல்லது இயந்திரத்தை நிறுத்திவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். எப்படிச் செய்தாலும் மறுநாள் திட்டு விழும். சாவியைக் கேட்டு அவர்கள் ஓராண்டுக்கு மேலாக எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். திருட்டுப் போய்விடும் என்ற பதில்தான் வந்திருக்கிறது.

நான் போராடி ஒரு சாவியை வாங்கி, அதை என்னிடம் வைத்துக்கொள்ளாமல் ஷிஃப்டின் மூத்த தொழிலாளியிடமே கொடுத்தேன். ஒரு கருவிகூடக் காணாமல் போகவில்லை. சேதாரம் குறைந்ததைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. அதுவரை என்னிடம் வாயே திறக்காதவர்கள், எந்த இயந்திரத்தில் எந்தச் சத்தம் மாறியிருக்கிறது என்று தாமாகவே வந்து சொல்லத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அக்கறை எப்போதும் இருந்தது. அதைக் காட்டிய ஒவ்வொரு முறையும் பட்ட அவமானம்தான் அவர்களை ஒதுங்கி நிற்க வைத்திருந்தது.

உங்கள் பிரிவில் அந்தப் பூட்டிய அறை எது என்று முதலில் பாருங்கள். சுற்றுலாவை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மனிதவள அலுவலர்

ஐயா சொன்னதை ஆதரிக்கும் ஆய்வு ஒன்று உண்டு. தெரசா அமாபைலும் ஸ்டீவன் கிரேமரும் 7 நிறுவனங்களைச் சேர்ந்த 238 பணியாளர்களை நாள்தோறும் குறிப்பு எழுத வைத்து, ஏறத்தாழ 12,000 குறிப்புகளை ஆராய்ந்தார்கள். பணியாளர்கள் மனநிறைவோடு வீடு திரும்பிய நாட்களில் மிக அதிகமாகக் காணப்பட்டது பாராட்டோ பரிசோ அல்ல. பொருளுள்ள ஒரு வேலையில் சிறிதளவாவது முன்னேற்றம் கண்டதுதான். வேலை தடைபட்டுப் பின்னடைந்த நாட்கள் மனத்தைப் பாதித்த அளவு, முன்னேற்றம் கண்ட நாட்கள் உயர்த்திய அளவைவிடக் கூடுதலாக இருந்தது என்பதையும் அவர்கள் கண்டார்கள். நல்லதைக் கூட்டுவதற்கு முன் தடைகளை நீக்குங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

விருதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1971இல் எட்வர்ட் டெசி வெளியிட்ட ஆய்வில், புதிர்களை விரும்பி விடுவித்துக்கொண்டிருந்த மாணவர்களில் ஒரு சாராருக்கு மட்டும், விடுவித்த ஒவ்வொரு புதிருக்கும் பணம் கொடுத்தார். பிறகு பணத்தை நிறுத்தியபோது அவர்களுக்கு அந்தப் புதிர்களில் இருந்த ஆர்வம் முன்பைவிடக் குறைந்து காணப்பட்டது. ஆய்வுக்கூடத்துப் புதிரும் அலுவலக வேலையும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் மாத விருதுகள் போகும் போக்கை நான் நேரில் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் உண்மையிலேயே சிறந்தவருக்குப் போகும். இரண்டாவது மாதமும் அவரே தகுதியானவராக இருப்பார். ஆனால் மறுபடியும் அவருக்கே கொடுக்கத் தயங்கி அடுத்தவருக்குக் கொடுப்போம். ஆறாவது மாதத்தில் அது வெறும் முறைவரிசையாகிவிடும். உங்கள் பிரிவில் ஒருவருக்கு விருது கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் 33 பேருக்குக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே எண்ணிப் பாருங்கள். ஆட்குறைப்பில் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று தரம் பிரிக்கப்பட்டு எட்டு மாதங்களே ஆன இடத்தில், மீண்டும் தரம் பிரிக்கும் ஒரு திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கணக்குப் பிரிவு ஊழியர்

நான் மேலாளர் அல்ல. ஆட்குறைப்பில் தப்பியவர்களில் ஒருத்தி என்ற முறையில், மேலே இருப்பவர்களுக்குத் தெரியாத சிலவற்றை எழுதுகிறேன்.

எங்கள் நிறுவனத்தில் அது நடந்த மறுநாள் காலை, காலியாக இருந்த மேசைகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் என் பக்கத்து இருக்கையில் இருந்தவரின் பெயர் அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தில்கூட உச்சரிக்கப்படவில்லை. அவர் செய்துவந்த வேலை மட்டும் என் பட்டியலில் சேர்ந்தது. எனக்கு வேலை பறிபோகவில்லை என்ற நிம்மதியும், அந்த நிம்மதியைப் பற்றிய வெட்கமும், அடுத்தது நான்தானா என்ற பயமும் ஒன்றாக இருந்தன. அந்த மனநிலையில் இருப்பவர் கூட்டத்தில் எழுந்து "இந்த முறை சரியில்லை" என்று சொல்வாரா? தலையசைப்பதுதான் பாதுகாப்பு என்று அவருக்குத் தோன்றும். உங்கள் பிரிவினர் "சரி" என்று சொல்வதை உடன்பாடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு பெயர் தெரிவிக்காத கருத்துக் கணிப்பு ஒன்று வந்தது. பிரிவு, வயது, பணிக்காலம் ஆகிய மூன்றையும் குறிப்பிடச் சொன்னார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர்கள் எங்கள் பிரிவில் இருவர்தான். அந்த இருவரும் எல்லாக் கேள்விகளுக்கும் நடுத்தரமான பதிலைக் குறித்துக் கொடுத்தோம். கணிப்பின் முடிவு என்னவென்று இன்றுவரை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இருப்பது கேட்காமலே இருப்பதைவிடக் கொடியது.

சுற்றுலாவுக்கு அழைத்திருந்தால் நாங்கள் போயிருப்போம், சிரித்துப் புகைப்படமும் எடுத்திருப்போம். இவர்களை அனுப்பாமல் இருக்க இல்லாத பணம் இதற்கு எங்கிருந்து வந்தது என்று திரும்பும் வழியில் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்டிருப்பார்.

வாசகர் ஒருவர்

எல்லாம் சரி. 43 பேர் செய்த வேலையை 34 பேர் செய்கிறார்கள் என்று மேலாளரே எழுதியிருக்கிறார். ஊதியத்தைப் பற்றியோ வேலைப்பளுவைப் பற்றியோ ஒருவரும் ஏன் இதுவரை பேசவில்லை? அந்தக் கணக்கைத் தீர்க்காமல் மனத்தைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

இழையைத் தொடங்கியவர்

இந்தக் கேள்வி என்னைத் தடுத்து நிறுத்திவிட்டது. ஒன்பது பேரின் பணிகளைப் பிரித்துக் கொடுத்தபோது தலைக்கு எத்தனை அழைப்புகள் என்ற டார்கெட்டை நான்தான் திருத்தி எழுதினேன். அது தற்காலிகம் என்று அப்போது சொன்னேன். எட்டு மாதங்களாக அதை நான் மறுபரிசீலனை செய்யவில்லை. அதைவிட, அது தற்காலிகம் என்று நான் சொன்னதையே இப்போது எழுதும்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். ஊதிய உயர்வு என் அதிகாரத்தில் இல்லை. ஆனால் டார்கெட் என் அதிகாரத்தில்தான் இருக்கிறது.

மனிதவள அலுவலர்

ஊதியத்தைப் பற்றி நான் பேசாமல் விட்டது பிழைதான். எங்கள் துறையில் பலர் உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கைக் காட்டி அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கிறார்கள். அவரும் அவருடைய குழுவினரும் பொறியாளர்களையும் கணக்காளர்களையும் நேர்கண்டு 1959இல் வெளியிட்ட முடிவின்படி, சாதனை, அங்கீகாரம், பொறுப்பு, வேலையின் தன்மை ஆகியவை நிறைவைத் தருகின்றன. ஊதியம், மேற்பார்வை, நிறுவன விதிகள் போன்றவை குறைந்தால் அதிருப்தியைத் தருகின்றன, கூடினாலும் நிறைவைத் தருவதில்லை. இந்த முடிவின்மீது தொடக்கத்திலிருந்தே ஒரு வலுவான மறுப்பு உண்டு. நல்லது நடந்த நாளைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் தம் முயற்சியைச் சொல்வார்கள், கெட்டது நடந்த நாளைப் பற்றிக் கேட்டால் சூழலைக் குறை சொல்வார்கள். எனவே அந்தப் பிரிவினை வேலையில் இருக்கிறதா, நினைவுகூரும் முறையில் இருக்கிறதா என்பது மறுப்பவர்களின் கேள்வி.

ஊதியத்தின் அளவோடு அதன் நியாயமும் சேர்ந்தே எடைபோடப்படுகிறது என்பது என் கருத்து. ஜான் ஸ்டேசி ஆடம்ஸ் 1960களில் இதைத்தான் விளக்கினார். தான் கொடுப்பதற்கும் பெறுவதற்கும் உள்ள விகிதத்தை ஒருவர் பிறருடைய விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். குறைவாகத் தெரிந்தால் சமன் செய்ய முயல்கிறார். ஊதியத்தை உயர்த்திக்கொள்ள அவரால் முடியாது, உழைப்பைக் குறைத்துக்கொள்ள முடியும். உங்கள் பிரிவில் அதிகரித்துவிட்ட ஒருநாள் விடுப்புகளை இந்தக் கோணத்திலும் பாருங்கள்.

இதே காரணத்தால்தான் ஹாதார்ன் கதையையும் எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும். 1924 முதல் 1932 வரை சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் தொழிற்சாலையில் நடந்த அந்த ஆய்வுகளைக் காட்டி, தம்மை யாரோ கவனிக்கிறார்கள் என்பதாலேயே தொழிலாளர்கள் உற்சாகமாக உழைத்தார்கள் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே ரிலே என்ற தொலைபேசி இணைப்பு உறுப்பைப் பொருத்தும் அறையில் அமர்த்தப்பட்ட பெண்களுக்கு மாறியது ஓய்வு நேரம் மட்டுமல்ல. அந்தச் சிறு குழுவின் உற்பத்திக்கு ஏற்பவே கூலி என்று கூலி முறையும் மாற்றப்பட்டது. நடுவில் இருவர் நீக்கப்பட்டு வேறு இருவர் சேர்க்கப்பட்டார்கள். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, கவனம் காட்டினால் போதும் என்று முடிவு கட்டுவது தொழிலாளர்களுக்குச் செய்யும் அநீதி.

செவிலியர் பிரிவுப் பொறுப்பாளர்

நியாயம் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் வார்டில் மனத்தாங்கல்கள் பெரும்பாலும் பணிநேர அட்டவணையிலிருந்துதான் பிறக்கும். இரவுப்பணி கடினமானது என்பதைச் செவிலியர்கள் ஏற்றுக்கொண்டுதான் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். ஒருவருக்கு மாதத்தில் எட்டு இரவுகளும் இன்னொருவருக்கு மூன்று இரவுகளும் வந்து, அதற்குக் காரணமும் சொல்லப்படாதபோதுதான் மனம் கசக்கிறது. நான் செய்தது சிறியது. அட்டவணையை நான்கு வாரங்களுக்கு முன்பே ஒட்டிவிடுவேன். யாருக்கு இதுவரை எத்தனை இரவுகள், எத்தனை விடுமுறை நாட்கள் என்ற கூட்டுத்தொகையை அதன் அடியிலேயே எல்லோரும் பார்க்கும்படி எழுதிவிடுவேன். தமக்குள் மாற்றிக்கொள்ள என் அனுமதி தேவையில்லை, எனக்குத் தெரிவித்தால் போதும். என்மீது சந்தேகம் குறைந்தது. ஒருவருக்கு உண்மையிலேயே நெருக்கடி வந்தபோது, முன்பு முகம் திருப்பிக்கொண்டவர்களே அவருடைய இரவுகளை ஏற்றுக்கொண்டார்கள்.

உங்கள் கூட்டத்தின் மௌனத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து தரும்போது நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அந்தக் குழுக்களில்தான் பிழைகள் கூடுதலாக இருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்ததால் அல்ல, தவறுகளை மறைக்காமல் சொன்னதால் அப்படி என்ற விளக்கத்துக்கு அவர் வந்துசேர்ந்தார். ஒரு செவிலியர் தன் தவறைத் தானாக வந்து என்னிடம் சொல்லும் அந்த முதல் அரை நிமிடத்தில் என் முகம் எப்படி இருக்கிறது என்பதை மற்ற எல்லோரும் கவனிக்கிறார்கள். அடுத்த தவறு என் காதுக்கு வருமா வராதா என்பது அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. உங்கள் மாத அறிக்கையில் குறை எதுவும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கண்டு நான் கவலைதான் கொள்வேன்.

குழுத் தலைவர்

இடையில் நிற்பவர்களைப் பற்றியும் யாராவது நினைக்க வேண்டும். எங்கள் நிறுவனத்தில் ஆட்குறைப்புச் செய்தி எனக்கு ஒரு மணி நேரம் முன்னதாகத்தான் சொல்லப்பட்டது, வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டளையோடு. என் குழுவினர் கேட்ட எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. எனக்கே தெரியாது என்று அவர்கள் நம்பவும் இல்லை. அதற்குப் பிறகு குழுவை உற்சாகமாக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் 34 பேரில் குழுத் தலைவர்கள் இருந்தால் முதலில் அவர்களோடு உட்காருங்கள். அவர்களிடம் இல்லாத நம்பிக்கையை அவர்கள் மூலமாக யாருக்கும் கொடுக்க முடியாது.

இழையைத் தொடங்கியவர் (ஆறு வாரங்களுக்குப் பிறகு)

உங்கள் எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். விருதுத் திட்டத்தைக் கைவிட்டேன், சுற்றுலாவைத் தள்ளிவைத்தேன். முதலில் நான்கு குழுத் தலைவர்களோடும், பிறகு மற்ற ஒவ்வொருவரோடும் இருபது நிமிடங்கள் தனியாகப் பேசினேன். "மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?" என்று கேட்கவில்லை. "நேற்று உங்கள் வேலையை எது தடுத்தது?" என்று மட்டும் கேட்டேன்.

பூட்டிய அறை கிடைத்தது. ஒரு வரம்புக்கு மேற்பட்ட தொகையை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர இரண்டு ஒப்புதல்கள் வேண்டும். இரண்டாவது ஒப்புதலைத் தரவேண்டிய பதவியே ஆட்குறைப்பில் நீக்கப்பட்டுவிட்டது. அந்தக் கோரிக்கைகள் யாருடைய பட்டியலிலும் சேராமல் தேங்கி, பின்னர் மேல்நிலைக்கு அனுப்பப்பட்டு வேறொரு பிரிவின் வழியாக எட்டு ஒன்பது நாட்கள் கழித்துத் தீர்ந்திருக்கின்றன. அந்த எட்டு நாட்களும் வாடிக்கையாளரின் வசவை வாங்கியவர்கள் என் பிரிவினர். என் அறிக்கையில் அது "தீர்க்கப்பட்டது" என்றே பதிவாகியிருந்ததால் என் கண்ணில் படவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று ஒருவரிடம் கேட்டேன். சொன்னால் தன்னால் சமாளிக்க முடியவில்லை என்று எழுதப்பட்டுவிடும் என்று பயந்ததாகச் சொன்னார். அந்தப் பதிலுக்குப் பிறகு அன்று என்னால் வேறு யாரோடும் பேச முடியவில்லை.

ஒப்புதல் விதியை மாற்ற மூன்று வாரங்கள் ஆயின. இப்போது அந்த வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கும் இரண்டாவது ஒப்புதலைக் குழுத் தலைவரே தரலாம். டார்கெட்டை முந்தைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டேன். அழைப்புக் காத்திருப்பு நேரம் கூடும் என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் தெரிவித்து ஒப்புதலும் பெற்றேன். யாரும் படிக்காத நான்கு அன்றாட அறிக்கைகளை நிறுத்தினேன்.

மேலும் ஆட்குறைப்பு வருமா என்று மேலிடத்தில் கேட்டேன். இந்த நிதியாண்டு முடியும்வரை இல்லை, அதற்குப் பிறகு உறுதி தர முடியாது என்றார்கள். அந்தப் பதிலை அப்படியே கூட்டத்தில் சொன்னேன். வெளியேறிய ஒன்பது பேரின் பெயர்களையும் அன்று சொன்னேன். கணக்குப் பிரிவுத் தோழி எழுதியிராவிட்டால் எனக்கு அது தோன்றியிருக்காது.

கணக்குப் பிரிவு ஊழியர்

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். உறுதி தர முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னீர்களே, அதற்காக உங்களுக்கு என் நன்றி. பொய்யான ஆறுதலை எங்களைப் போன்றவர்கள் உடனே கண்டுகொள்வோம். ஒரே ஒரு வேண்டுகோள். அந்த இருபது நிமிட உரையாடலை ஒருமுறையோடு நிறுத்திவிடாதீர்கள். சொன்னவற்றில் எதைச் செய்ய முடியவில்லை என்பதையும், ஏன் முடியவில்லை என்பதையும் அவர்களிடம் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற தொழிற்கூட மேற்பார்வையாளர்

மூன்று வாரங்களில் ஒரு விதியை மாற்றியது பெரிய செயல். அவசரப்பட்டு மனநிலையை அளக்க வேண்டாம். என் ஷிஃப்டில் சாவி வந்த பிறகும் சிலர் பல மாதங்கள் நம்பாமலே இருந்தார்கள். அது அவர்களின் உரிமை.

இழையைத் தொடங்கியவர் (நான்கு மாதங்களுக்குப் பிறகு)

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். இதற்கிடையில் இன்னும் ஒருவர் ராஜினாமா செய்தார். இம்முறை படிவத்தை நிரப்பும் முன்பே என் அறைக்கு வந்து, இங்கே தனக்கு அடுத்த நிலை என்று ஒன்று தெரியவில்லை என்று நேராகச் சொன்னார். அவர் சொன்னது உண்மை, அதற்கு என்னிடம் இன்னும் விடை இல்லை. ஒருநாள் விடுப்புகள் ஓரளவு குறைந்திருக்கின்றன. தள்ளிவைத்த சுற்றுலாவைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

செவிலியர் அம்மா எழுதியதைப் பின்பற்றி, வார இறுதிப் பணிகளுக்கான அட்டவணையை அடியில் கூட்டுத்தொகையோடு ஒட்டத் தொடங்கினேன். நேற்றைய கூட்டத்தில், சேர்ந்து ஏழு மாதங்களே ஆன ஒருவர் கையை உயர்த்தி, அந்தக் கூட்டுத்தொகையில் மாற்றிக்கொண்ட பணிகள் இருவருக்கும் எண்ணப்பட்டிருப்பதால் கணக்கே தவறு என்றார். வேறொருவர் அதை மறுத்தார். மூன்றாமவர் தன் கைப்பேசியில் குறித்து வைத்திருந்த தேதிகளை வாசித்துக் காட்டினார். தவறு என்னுடையதுதான் என்று தெரிய நாற்பது நிமிடங்கள் ஆயின. திருத்திய அட்டவணையை இன்று காலை ஒட்டியிருக்கிறேன்.